நான்காவது துரை

இந்த ஆண்டு நம் சித்திரக்கதை இதழில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் பலரை நான் நேரில் பார்த்ததில்லை. நான் ஓய்வு பெற்று, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் வீடு மாற்றிக்கொண்ட பிறகு வந்தவர்கள் நீங்கள். ஆனாலும் உங்கள் கோடுகளையும் வசனங்களையும் மாதந்தோறும் படித்துவருகிறேன். யாருக்குக் கைவிரல்கள் வரைய வரவில்லை, யார் ஆச்சரியக்குறியை வாரி இறைக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன வாரம் முனிலட்சுமி வீட்டுக்கு வந்திருந்தாள். உங்களுக்கு அவர் ஆசிரியர். நான் 'அவள்' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு விதமாக எழுத எனக்குக் கை வராது. இணையத் தொடர் எடுக்கும் நிறுவனம் ஒன்று நம்முடைய வில்லன் 'துரை'யைக் கேட்டிருப்பதாகவும், ஒரேயொரு மாற்றத்தை அவர்கள் வேண்டுவதாகவும், உங்களில் சிலருக்கு அந்த மாற்றம் பிடித்துப்போயிருப்பதாகவும் சொன்னாள். நான்கு காலங்களில் வரும் நான்கு துரைகளும் உண்மையில் சாகாவரம் பெற்ற ஒரே மனிதன் என்று ஆக்கிவிட வேண்டுமாம்.

கூடாது என்கிறேன். ஓய்வு பெற்றவளிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை என்பது தெரியும். கேட்காமலே சொல்கிறேன். இதே யோசனையை, இதைவிட அழகாக, இதைவிட அதிகாரத்தோடு ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் முழுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில், துரை யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய இதழ்களை எல்லோரும் படித்திருப்பீர்கள் என்று நம்புவதற்கு எனக்கு வயதாகிவிட்டது. முதலாவது துரை வெள்ளைக்காரன். அஞ்செட்டிப் பக்கத்து மலைகளில் கோடு கிழித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ந்தால் மாட்டைப் பிடித்துக்கொள்கிறவன். இரண்டாவது துரை, அவன் போன பிறகு அவனுடைய பங்களாவில் குடியேறிய நம்மூர்க்காரன். வேட்டி கட்டியவன், கோயிலுக்குக் கொடை கொடுக்கிறவன், ஆனால் மாட்டைப் பிடிப்பதை மட்டும் நிறுத்தாதவன். மூன்றாவது துரை சஃபாரி உடையில் வந்த நிலத் தரகன். தொழிற்பேட்டை வரப்போகிறது என்பதை ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டு கேழ்வரகுக் கொல்லைகளை வாங்கிப் போட்டவன். மூவருக்கும் உறவில்லை. ஒருவர் முகம் மற்றவருக்கு இல்லை. ஆள் செத்தாலும் பெயர் சாவதில்லை என்பதுதான் அந்தத் தொடரின் ஒரே விதி.

விதியை உண்டாக்கியவர் நம் இதழைத் தொடங்கிய முதல் ஆசிரியர். நான் அவரிடம் மெய்ப்புத் திருத்த வந்தவள். அந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று ஒரு முறை கேட்டபோது, மூன்று மொழிப் பதிப்புக்கும் ஒரே எழுத்துச் செலவு என்று சிரித்தார். அது உண்மையும்கூட. நமக்குத் துரை, தெலுங்கில் தொர, கன்னடத்தில் தொரெ. ஆனால் அதே வசதியால்தான் ஒரு வேடிக்கையான தவறும் நடந்தது. எல்லை ஊரான ஓசூரில் இருக்கிற எங்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

இரண்டாவது துரையின் கதை கன்னடத்தில் வெளிவந்த சமயம். கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் நம் இதழை விற்கும் பெட்டிக்கடைக்காரர் பாக்கி இதழ்களைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, பிள்ளைகள் எல்லாம் ஆர்வமாகக் கேட்கிறார்கள், தொரெக்கு ராஜ்யம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று விசாரித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. கன்னடத்தில் தொரெ என்றால் அரசன். பிள்ளைகள் அவனைக் கதாநாயகன் என்று நினைத்து, அவனுடைய மாடுகளை ஊரார் திருடுகிறார்கள் என்று கதையைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை. கன்னடப் பதிப்பில் மட்டும் பெயரை மாற்றிவிடலாம், அடைப்புக்குறிக்குள் பொல்லாதவன் என்று போட்டுவிடலாம் என்றெல்லாம் பேசினோம். ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஓவியர் அந்தோணியைப் பார்த்தார்.

"பேரை விடுப்பா. அதைச் சொல்ற வாயை வரை."

அடுத்த இதழில் அந்தோணி ஒரு கட்டம் வரைந்தார். பங்களா வாசலில் குதிரைச் சத்தம் கேட்கிறது. தண்ணீர் எடுத்துவரும் பெண் குடத்தை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, உதட்டைக் கோணி, பக்கத்தில் இருப்பவளிடம் "தொரெ வந்துட்டாரு" என்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த மொழிப் பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருந்தாலும், அதைச் சொல்கிற வாயில்தான் அதன் கணக்கு முடிகிறது. நம் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அது. அதைச் சொல்லித்தந்தவரின் பெயரை எங்கும் அச்சிடக் கூடாது என்பது அவருடைய விருப்பம். அதனால் இங்கும் எழுதவில்லை.

அவர் காலமாகி நான் ஆசிரியரான பிறகு இதழ் தள்ளாடியது. கைகொடுத்தவர் வெங்கடேசப்பா. தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டிகளுக்கும் லேபிள்களுக்கும் அச்சகம் வைத்திருந்தவர். எங்கள் அலுவலகத்துக்கும் அவர் கட்டடத்திலேயே மாடியில் இடம் கொடுத்தார். அவரைப் பற்றி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரை ஒரு கொடியவராக நினைத்துக்கொள்ளாதீர்கள். நஷ்டத்தில் ஓடிய இதழை முகம் சுளிக்காமல் அச்சிட்டவர் அவர். யுகாதிக்கு ஒப்பட்டு என்னும் போளி, கிறிஸ்துமஸுக்குக் கேக் என்று எங்களுக்கு எதுவும் தவறியதில்லை. அச்சகத்தோடு, தொழிற்சாலைகளுக்கு வேன்களில் ஆள் அனுப்பும் ஒப்பந்தத் தொழிலும் அவருக்கு இருந்தது. அதை நாங்கள் அதிகம் யோசித்ததில்லை.

முனிலட்சுமி அப்போதுதான் எங்களிடம் சேர்ந்திருந்தாள். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், நாளுக்குச் சில பேருந்துகளே போகும் ஊர். சூளகிரி அருகே ஒரு தொழிற்சாலையில் கைபேசிக்குள் வைக்கும் சிறு பாகங்களைப் பொருத்தும் வேலை செய்து, விடுதியில் தங்கியிருந்தாள். வாசகர் பக்கத்துக்கு அவள் அனுப்பிய ஒரு சிறு கதையைப் படித்துவிட்டு வரச்சொன்னேன். வந்து உட்கார்ந்தவள் துரை கதைகள் எல்லாவற்றையும் படித்திருப்பதாகச் சொன்னாள். நான் மகிழ்ந்துபோய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான்க்கா இருக்குது. ஆனா உங்க கதையில பேரு ஒண்ணு, ஆளு வேற வேற. எங்க பக்கம் ஆளு ஒண்ணு, பேரு வேற வேற."

அவளே விளக்கினாள். விடுதிப் பெண்களைத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறவர் ஒருவர்தான். ஆனால் கழுத்தில் தொங்கும் அட்டையில் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் மட்டும் கொஞ்ச காலத்துக்கு ஒரு முறை மாறிவிடும். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டால், நீ இந்த நிறுவனத்தில் சேர்ந்து சில மாதம்தானே ஆகிறது என்பார்கள். அதே இருக்கை, அதே வேலை, அதே வேன், ஆனால் எப்போதும் புது ஆள். பழையவள் என்று ஒருத்தி அங்கே உண்டாகவே முடியாது.

அதையே கதையாக எழுதச் சொன்னேன். அவள் எழுதியதுதான் நான்காவது துரை. அதில் விடுதிப் பெண்கள், அந்த ஒப்பந்தக்காரன் எத்தனை பெயர் மாற்றினாலும் ஒட்டிக்கொண்டே வரும்படி ஒரு பெயரைத் தாங்களே அவனுக்குச் சூட்டுகிறார்கள். துரை. முந்தைய மூவரும் அந்தப் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இவனுக்குக் கீழே இருப்பவர்கள் வைக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் அவர்கள் பழைய அட்டைகளை எல்லாம் மாலையாகக் கோத்துக்கொண்டு வாசலில் நின்று, எங்கள் வருடங்களை முதல் அட்டையிலிருந்து எண்ணு என்று கேட்கிறார்கள். அவன் காரின் கண்ணாடியை இறக்குகிறான். முகம் தெரிகிறது. சாதாரண முகம். மூக்குக்கண்ணாடி, திருநீறு, நன்றாக வாரிய தலை. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். முதல் ஆசிரியர் இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

இந்தக் கதையை நம்பித்தான் முனிலட்சுமி தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தாள். அதைவிடப் பெரிய விஷயம், விடுதியில் கூட இருந்தவர்களிடம், நம்ம கதை வரப்போகுது, நம்ம பேச்சு அப்படியே வரப்போகுது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். கதை வராவிட்டால் அவள் திரும்பிப் போக இரண்டு இடங்கள்தான் இருந்தன. ஒன்று அதே வேன். இன்னொன்று, மாப்பிள்ளை பார்த்துவைத்துக்கொண்டு காத்திருந்த தன் வீடு. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஏனென்றால், இதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் ஒரு கற்பனைப் பாத்திரத்தைப் பற்றியதுபோல் தோன்றும். அப்படி இல்லை.

அந்தோணி படங்களை முடித்த மறுநாள், வெங்கடேசப்பா மாடிக்கு வந்தார். வழக்கமாக அவர் பக்கங்களைப் பார்ப்பதில்லை. அன்று அட்டைப்பெட்டி வேலை குறைவாக இருந்ததோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு முறை வாய்விட்டுச் சிரித்தார். பாதிக்கு மேல் போனதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சரியில்ல மேடம். துரைன்னு ஏன் இவனுக்குப் பேரு? அது மரியாதையான வார்த்தை. எங்க வேன்ல வர்ற பொண்ணுங்க என்னையே அப்படித்தான் கூப்பிடுறாங்க. நான் போனா, தொர வந்துட்டாருன்னுதான் சொல்லுவாங்க."

அவர் வீட்டில் தெலுங்கு, அதில் தொர என்றால் எசமான். அந்தச் சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அந்தோணி ஏதோ தேடுவதுபோல் மேசைக்கு அடியில் குனிந்தார். அவருடைய வேனிலேயே வேலைக்குப் போய்வந்திருந்த முனிலட்சுமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நான் என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் படாத பாடு பட்டேன். ஆனால் மூவரும் ஒரே நேரத்தில் அமைதியாகிவிட்டோம். ஒரு மனிதர் புரிந்துகொள்ள அந்த அமைதியே போதும். வெங்கடேசப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குனிந்து, கதையில் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லும் கட்டத்தைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தார். அந்தோணி அதில் ஐந்தாறு வாய்களை வரைந்திருந்தார். ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். மிகவும் நட்பாக, ஒரு யோசனை சொன்னார்.

"கடைசிப் பக்கத்துல கார் கண்ணாடி இறங்குதில்ல? உள்ள அந்த முதல் வெள்ளைக்காரன் உக்காந்திருக்கட்டும். அதே தொப்பி, அதே பூனைக்கண்ணு. நாலு துரையும் அவனேதான். சாகவே இல்ல. முகத்த மாத்தி மாத்தி வந்துகினு இருந்திருக்கான். பசங்க மிரண்டு போயிடுவாங்க மேடம். நம்மாளு எவனையும் சொன்ன மாதிரியும் இருக்காது."

உண்மையைச் சொல்கிறேன். நல்ல யோசனை. கதை சொல்லத் தெரிந்தவர் அவர். அந்தோணியின் கை, பக்கத்தில் கிடந்த தாளில் தானாகவே ஒரு தொப்பியின் விளிம்பை வரையத் தொடங்கியதைப் பார்த்தேன். எந்த ஓவியருக்கும் ஆசை வரக்கூடிய படம் அது. இந்தத் தொழிலில் உங்களுக்கு வரும் ஆபத்துகளில் மோசமான யோசனைகள் பெரிதல்ல. அவற்றை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். வேறொரு காரணத்துக்காகச் சொல்லப்படும் நல்ல யோசனைதான் பெரிய ஆபத்து. அதை மறுக்கும்போது உங்களுக்கே நீங்கள் முட்டாளாகத் தெரிவீர்கள்.

நாளைக் காலையில் பதில் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். அவர் இறங்கிப் போன பிறகு மூவரும் பேசினோம். அந்தோணிக்கு வீட்டில் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் அதை மறைக்கவில்லை. "இவரு இல்லன்னா இதழே இல்லம்மா. ஒரு தொப்பிக்காக எல்லாத்தையும் விடணுமா?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. படித்தவளாகிய நான், காலம் கடந்து வாழும் தீமை என்ற கருத்து உலகெங்கும் கதைகளில் இருக்கிறது, அதற்கும் ஒரு ஆழம் உண்டு என்றெல்லாம் எனக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தேன். சமரசம் செய்துகொள்ளத் தயாராகும்போது புத்தகங்கள் நமக்கு நிறையவே உதவும்.

முனிலட்சுமியிடம் கேட்டேன். அவளுடைய கதை, முதல் சொல் அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் அந்தோணி வரைந்திருந்த தொப்பி விளிம்பைப் பார்த்தாள்.

"பேயின்னு சொன்னா பூசாரியைக் கூப்பிடுவாங்கக்கா. ஆளுன்னு சொன்னாத்தான் அவன் முன்னாடி போயி நிப்பாங்க. நான் விடுதியில அவங்ககிட்ட, இது போயி நிக்கிற கதைன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அந்தோணி தாளைத் திருப்பிப் போட்டார். அவரை நான் எதுவும் கேட்கவில்லை. அவர் சம்மதித்தார் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொப்பியை அவர் முடிக்கவில்லை.

அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். நான்கு பேர் ஒரே ஆள் என்றால் என்ன ஆகிறது? முதலாவது துரை மாட்டைப் பிடித்தான், அவன் அந்நியன். சரி. இரண்டாமவன் நம்மூர்க்காரன். அவன் நம்மூர்க்காரனாக இருந்துகொண்டு அதையே செய்ததுதான் அந்தக் கதையின் வலி. அவனும் வேஷம் போட்ட வெள்ளைக்காரன்தான் என்று சொல்லிவிட்டால், நம்மூரில் இதுவரை யாருமே எந்தத் தப்பும் செய்யவில்லை என்று ஆகிவிடும். பங்களா காலியாகக் கிடந்தபோது அதற்குள் நுழையலாமா வேண்டாமா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணம் இருந்திருக்கிறது. நுழைய வேண்டாம் என்று போனவர்களும் இருந்திருப்பார்கள். சாகாவரம் அந்தக் கணத்தை அழித்துவிடுகிறது. எவருக்கும் எதற்கும் பொறுப்பில்லை. எல்லாம் ஒரு பூதத்தின் வேலை. வீடு வந்து சேரும்போது எனக்குத் தெளிவாகிவிட்டது.

மறுநாள் காலை நான் மட்டும் கீழே இறங்கிப் போனேன். அச்சு இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெங்கடேசப்பா தன் கண்ணாடி அறையில் எனக்குக் காப்பி வரவழைத்தார். மாற்ற முடியாது என்று சொன்னேன். அவர் கோப்பையை மேசைமேல் வைத்தார்.

"எங்கப்பா குவாரியில கல் உடைச்சாரு மேடம். ஓனரு வந்தா, எங்க தெலுங்குல தொர வச்சாரு, துரை வந்துட்டாருன்னு துண்டை எடுத்து இடுப்புல கட்டுவாரு. நான் பாத்திருக்கேன். ஒருநாள் நாமளும் அந்த இடத்துக்கு வரணும்னு அன்னிக்கே நெனச்சேன். வந்துட்டேன். அது தப்பா?"

"வந்தது தப்பில்லண்ணா. ஆனா அந்தப் பேரு ஆளோட வரல, இடத்தோட வருது. உங்கப்பா அந்த வார்த்தையை எப்படிச் சொன்னாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"அப்போ அந்தக் கார்ல இருக்கிறவன் நான்தானா?"

"நீங்கன்னு நாங்க எழுதல. நீங்கதான் அப்படிப் படிச்சீங்க."

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. கதை அப்படியே இருக்கட்டும், கடைசிப் பக்கமும் அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், துரையைத் தவிர எந்தப் பெயராக இருந்தாலும் சம்மதம் என்றார். இதைவிட இறங்கி வர அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. தலையாட்டியிருந்தால் அன்று மாலையே இதழ் அச்சேறியிருக்கும்.

"பேரு மாத்துறது உங்க தொழில்ல வழக்கம்ண்ணா. எங்க தொழில்ல இல்ல."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போய்விட்டது என்று உணர்ந்தேன். திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை, இன்றும் பெற்றுக்கொள்ள மாட்டேன். அவர் எழுந்து நின்று, தன் இயந்திரத்தில் அந்தக் கதை ஏறாது என்றார். மாடியையும் காலி செய்துவிடுங்கள் என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்து வந்த நாட்களை விவரிக்கப் போவதில்லை. வெளியேற்றப்பட்ட எந்த அலுவலகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: அட்டைப்பெட்டிகள், கயிறு, எதை விட்டுவிட்டு வந்தோம் என்ற குழப்பம். அந்தோணி வருவாரா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. கடைசிப் பெட்டியை அவர்தான் இறக்கினார். எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில், திருமணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சிறிய அச்சகம் எங்களை ஏற்றுக்கொண்டது. தாள் மட்டமானது, வண்ணம் சில பக்கங்களில் விலகியிருந்தது. கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் ஒரு காவலர் என்ன சரக்கு என்று கேட்டார். அந்தோணி மிகவும் பணிவாக, "துரைங்க சார். ஒரு வண்டி நிறைய" என்றார். அவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, தன் மகனுக்கு என்று எடுத்துக்கொண்டு எங்களை விட்டார்.

முனிலட்சுமி தன் பங்குக் கட்டை விடுதிக்கே எடுத்துப் போனாள். அன்றைக்கு வேலை முடிந்து திரும்பிய வேன்களில் அந்த இதழ் கைமாறிக்கொண்டே வந்ததாம். தங்கள் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அந்தக் கோணல் வாய் யாருடையது என்று சண்டை நடந்ததாம். வெங்கடேசப்பா வேன் அருகே வந்தால் எப்போதும்போல் அதே சொல்தான். முன்பெல்லாம் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து லேசாகப் புன்னகைப்பார். அதற்குப் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை என்றார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த விடுதியைச் சேர்ந்த பெண்கள் பழைய அட்டைகளோடு உண்மையாகவே போய் வாசலில் நின்றார்கள். கதையால்தான் நின்றார்கள் என்று நான் பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். அவர்களிடம் அதற்கு முன்பே போதிய காரணங்கள் இருந்தன. சிலருடைய பணிக்காலம் முதலிலிருந்து கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. சிலர் வேலையை இழந்தார்கள். இழந்தவர்களில் ஒருத்தி முனிலட்சுமியின் அறைத்தோழி. அவள் எங்கள்மேல் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தக் கோபம் நியாயமானது. எதிர்த்து நிற்கச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். அதனால் நிற்காமல் இருந்திருக்கலாம் என்று அவளும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இணைய நிறுவனத்தின் யோசனை உங்களுக்கு ஏன் பிடித்தது என்று முனிலட்சுமி ஒரு காரணம் சொன்னாள். அவர்களுடைய திரையில் நம் பெயர் வரும் என்பது மட்டுமல்லவாம். உங்களில் ஒருவர் ஐந்தாவது துரையின் கதையை எழுதி, படமும் வரைந்து முடித்துவிட்டு, அதை ஆசிரியரிடம் கொடுக்கத் துணியாமல் மேசை இழுப்பறைக்குள்ளேயே வைத்திருக்கிறாராம். எல்லாத் துரையும் ஒரே கிழட்டு வெள்ளைக்காரன்தான் என்று ஆகிவிட்டால், அந்தக் கதையை வெளியே எடுக்க வேண்டிய தேவையே இருக்காதல்லவா.

எழுதியவர் பயப்பட வேண்டாம். முனிலட்சுமியே இழுப்பறையைத் திறந்து அதை எடுத்துவிட்டாள். வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நானும் படித்தேன். ஐந்தாவது துரை ஒரு பெண். தொழிற்சாலையிலிருந்து மேலே வந்தவள். ஒரு சித்திரக்கதை இதழை நடத்துகிறவள். இளம் எழுத்தாளர்களை நாள் முழுக்க உட்கார வைத்து, அவர்கள் எழுதியதைத் திருத்தித் திருத்தித் தன்னுடையதாக்கிக்கொள்கிறவள். அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லும் வாய்கள் நன்றாக வந்திருக்கின்றன.

இது நீதானா என்று கேட்டேன். அவள் அந்தத் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வலித்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கண்ணாடி என்னுதுதான்க்கா. சேலையும் என்னுதுதான். திருத்தித் திருத்தி என்னுதாக்கிக்கிறேனான்னு தெரியல. யோசிக்கணும். ஆனா இதை நிறுத்தினா அப்புறம் எனக்கு யோசிக்கவே வேணாமே."

பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை படித்தாள். படித்து முடித்ததும் என்னிடம் நீட்டினாள். துரைக்குப் பெண்பாலாக அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயரை, எழுதியவர் எல்லா இடத்திலும் 'துரைசானி' என்று எழுதியிருந்தார். அந்த ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'துரைசாணி' என்று திருத்தியிருந்தாள். வேறெங்கும் பேனா படவில்லை.

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.